மணமகள் அறையில் ஒரு நாற்காலி

"நாளைக்கு மண்டபத்துல என்னையப் பாத்தாலும் பாக்காத மாதிரியே இருந்துக்கோ சாமி."

செங்கோடன் இதைச் சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சவரக் கத்தியை வெள்ளைத் துணியில் சுற்றித் தோல்பைக்குள் வைப்பதிலேயே கண்ணாக இருந்தார். வெளியே பொழுது சாய்ந்து கொல்லிமலை கறுத்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்த அவர் மனைவியின் மத்து நின்றது.

"பெத்த அப்பன யாரோ எவரோன்னு நெனச்சுக்கோன்னு புள்ளைக்குச் சொல்லித் தாரீங்க. நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

"நீ சும்மா இரு. அவங்களுக்கு இவ நாமக்கல்லு மேடம். நானு முடி வெட்டற குடிமகன் செங்கோடன். இந்தப் புள்ள என்ற மகதான்னு தெரிஞ்சா இவ பொழப்பும் கெடும், அவங்க நெலத்துல நாம குடியிருக்கற ஊடும் போவும்."

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எனக்கு அந்தக் கல்யாணமே வேண்டாம்ப்பா. கூட வேல பாக்கற நதீமையே அனுப்பி உட்டுர்றேன். எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிர்றேன்."

செங்கோடன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அப்படிச் சொல்லிப்போடாத சாமி. நீ வரோணும். அந்தப் பெரிய ஊட்டு ஆளுங்க உன்னைய மேடம்னு கூப்புடறத ஒருக்கா நானு காதால கேக்கோணும்."

அவள் நாமக்கல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பி எழுந்தாள்.

சேந்தமங்கலத்துக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் பெரிய வீடு என்று சொன்னால் ஒரே வீடுதான். நிலத்தோடு கோழிப்பண்ணை வந்தது, லாரிகள் வந்தன, ஓட்டு வீடு இடிந்து மாடி வீடு எழுந்தது. செங்கோடன் வாசலோடு நின்று பேசுகிற வழக்கத்தை மட்டும் யாரும் இடித்துக் கட்டவில்லை. அந்த வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு முகம் மழிப்பது அவர் வேலை. மணவறைக்கு எதிரே நின்று மங்கல வாழ்த்துப் பாடுவதும் அவர்தான். அவர் வாழ்த்தி முடிக்காமல் அந்த வீட்டில் எந்தப் பெண்ணின் கழுத்திலும் தாலி ஏறியதில்லை. நல்லது நடக்க அவர் வாய் வேண்டும், அவர் கை வேண்டும். மற்ற நேரத்தில் அவர் தள்ளி நிற்க வேண்டும். இதில் முரண்பாடு ஏதாவது இருப்பதாக அந்த ஊரில் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

மகளுக்கு அவர் வைத்த பெயர் பாவாயி. பள்ளிக்கூடம் முடித்ததும் பெங்களூரில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஊர்க்காரர்கள் கேட்டால், "கம்பெனி வேலைங்க" என்பார். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை. அவள் ஒரு பியூட்டி பார்லரில் தரையில் விழுந்த முடியைக் கூட்டித் தள்ளுவதில் தொடங்கினாள். பிறகு தலை அலசிவிடுகிற வேலை. அடுத்தவர் தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துப் பழகியதில்தான் அவளுக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தலையைக் கையில் கொடுத்துவிட்டால் கண்ணை மூடிக் குழந்தையாகிவிடுகிறார்கள் என்பாள். கத்திரி பிடிக்கக் கற்று, சர்டிபிகேட் வாங்கி, பிரீத்தி என்று பெயரையும் தானே மாற்றிக்கொண்டாள். அவளாக விரும்பி எடுத்துக்கொண்ட பெயர் என்பதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

நாமக்கல்லில் சந்திரசேகர் பெரிய சலூன் ஒன்றைத் திறந்தபோது அவளைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தார். அவர் குடும்பம் லாரிக்கு பாடி கட்டுகிற குடும்பம். இவர் கண்ணாடியும் ஏசியும் சுழல் நாற்காலியுமாகக் கடை போட்டபோது உறவுக்காரர் யாரும் முகம் சுளிக்கவில்லை. பத்திரிகையில் பெயருக்குக் கீழே தொழிலதிபர் என்று போட்டுக்கொள்கிறார். கத்திரியைப் பிடிக்கிறவனிடம் சாதி கேட்கிற ஊர், கடையைப் பிடித்திருப்பவனிடம் கிளை நடத்த பிரான்சைஸ் உரிமை கேட்கிறது. பிரீத்தி யார் மகள் என்று அவருக்குத் தெரியும். "பெங்களூர் ஸ்டைலிஸ்ட்னு மட்டும் சொன்னாப் போதும்மா. மத்ததெல்லாம் கஸ்டமருக்கு எதுக்கு?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சேலம் சூரமங்கலத்தில் அடுத்த கடை வரப்போகிறது, அதை அவள் பொறுப்பில் விடப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

பெரிய வீட்டுப் பெண் அகல்யா சலூனுக்கு வந்தது தற்செயல்தான். படிப்பெல்லாம் திருச்செங்கோட்டில் ஹாஸ்டலில். பாவாயி என்று ஒரு பெண் தன் ஊரில் இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. போனில் பிரீத்தி செய்த மணப்பெண் அலங்காரங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அகல்யாவுக்கு முன்நெற்றியில் ஒரு சுழி. நெற்றிச்சுழி ஆகாது என்று அவளுடைய அத்தை கந்தம்மாள் சின்ன வயதிலிருந்தே எண்ணெய் வைத்து அழுத்தி அழுத்திச் சீவிவிட்டதில், அந்த இடத்து முடி பொருந்தாமல் எப்போதும் விறைத்துக்கொண்டு நின்றது.

பிரீத்தி அந்த முடியை நனைத்து, கையை எடுத்துவிட்டு, அது எங்கே விழுகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பாக்கறீங்க?"

"இந்த முடி எங்க போகோணும்னு அதுக்கே தெரியும். இத்தன நாளா நீங்கதான் உடல. நாம அதுகூடவே போயிரலாம்."

பக்கத்து நாற்காலியில் வேலையாக இருந்த நதீம் சிரித்தான். சேலம் கோட்டைப் பக்கத்துப் பையன். மாமா கடையில் தொழில் கற்றவன். "எங்கக்கா தலைக்குத் தலை ஒரு தத்துவம் சொல்லும். நானெல்லாம் கஸ்டமர் போட்டோ காட்டுனா அதே மாதிரி வெட்டிக் குடுத்துருவேன், அத்தோட செரி," என்றான்.

சுழியை மறைக்காமல் அதன் போக்கிலேயே முடியைத் திருப்பி, நெற்றிக்கு மேல் மெல்ல அலை எழும்ப விட்டாள் பிரீத்தி. அகல்யா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டாள். எந்த ஊர், யார் வீட்டுக் கல்யாணம் என்பது பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் பிரீத்திக்குத் தெரிந்தது.

கல்யாண மண்டபம் சேந்தமங்கலம் ரோட்டில் இருந்தது. விடிந்ததும் பிரீத்தியும் நதீமும் சலூன் வண்டியில் வந்து இறங்கினார்கள். வாசலில் வாழைமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் செங்கோடனும் இருந்தார். அது அவர் வேலையில்லை. ஆனாலும் சும்மா நிற்பதைப் பார்த்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள். மகள் இறங்கியதைப் பார்த்தார், உடனே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சொன்னபடி பிரீத்தியும் பார்க்காத மாதிரியே மாடிப்படி ஏறினாள்.

மணமகள் அறையில் கந்தம்மாள் அவர்களை வாசல் வரை வந்து வரவேற்றாள். பெரிய வீட்டில் பிறந்து, பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டு, அண்ணன் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் தானே முன்நின்று நடத்துகிறவள்.

"வாங்க மேடம். காப்பி குடிங்க மொதல்ல. காலைல எந்நேரம் எந்திரிச்சீங்களோ என்னமோ." தன் கையாலேயே டம்ளரை நீட்டினாள். "எந்தூருங்க நீங்க?"

"நாமக்கல்லுங்க."

"அது இப்ப. சொந்த ஊரு?"

"பெங்களூர்ல இருந்தேனுங்க."

"பேச்சப் பாத்தா நம்ம பக்கந்தான். மொகத்தப் பாத்தாலே தெரியுது, நல்ல எடத்துப் புள்ள. நம்ம ஆளுங்களாத்தான் இருப்பீங்க."

பிரீத்தி காப்பியைக் குடித்தாள். நதீம் தரையைப் பார்த்துக்கொண்டு கருவிகளை எடுத்து அடுக்கினான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் பெயரே அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது. முந்தின நாள் மாலை மாப்பிள்ளைக்குத் தாடி ஒதுக்கி முகம் மழித்ததும் அவன்தான். இன்று காலை செங்கோடன் அதே முகத்தில் கத்தியைத் தொட்டுத் தொட்டு எடுத்து, மழித்ததாகச் சடங்கை முடித்துவிட்டார்.

அலங்காரம் தொடங்கியது. இஸ்திரிப் பெட்டி போலச் சுடுகிற சூட்டுக்கோலில் முடியைச் சுற்றி அலை அலையாக விடவேண்டும், சுழியின் போக்கில் முன்புறத்தைத் திருப்ப வேண்டும், பின்னால் சவுரி வைத்துப் பின்ன வேண்டும். அகல்யா கண்ணை மூடித் தலையைக் கொடுத்துவிட்டாள். கீழேயிருந்து நாதஸ்வரத்துக்கு நடுவே குரல்கள் வந்தன.

"டேய் செங்கோடா, அந்தப் பாத்திரத்த நகத்து."

"செங்கோடா, செருப்ப ஓரமாத் தள்ளு. ஒறம்பரைச் சனம் வாரது கண்ணுக்குத் தெரியிலயா?"

அதில் ஒன்று பத்து வயதுப் பையனின் குரல். "வாரேன் சாமி" என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் பிரீத்தியின் கை ஒரு நொடி நின்று பிறகு நகர்ந்தது. அகல்யாவுக்கு அது தெரியவில்லை. நதீமுக்குத் தெரிந்தது.

ஒரு பக்கம் முடிந்திருந்த நேரத்தில் கண்ணாடியருகே இருந்த பிளக்கில் மின்சாரம் போய்விட்டது. சூட்டுக்கோல் ஆறத் தொடங்கியது. கந்தம்மாள் மாடி வராந்தாவில் போய் நின்று கீழே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"டேய் செங்கோடா, எலெக்ட்ரீசியன்கிட்ட சொல்லி வயர்ப் பொட்டிய வாங்கிட்டு மேல வா. சுருக்கா வா."

செங்கோடன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, குனிந்து, பெட்டியைத் தரையில் வைத்து உள்ளே தள்ளினார். அது பாதி வந்து நின்றது.

"அங்கயே வெச்சுப்போட்டுப் போ," என்றாள் கந்தம்மாள். "மேடம் வேல செய்யற எடத்துல வந்து நிக்காத. அக்கட்டால தள்ளி நில்லு."

செங்கோடன் முகத்தில் சிரிப்பு வந்தது. மறைக்கப் பார்த்தும் மறையாத சிரிப்பு. அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டார். பெரிய வீட்டு ஆத்தா தன் வாயால் அவர் மகளை மேடம் என்று சொல்லிவிட்டாள். அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன அதே மூச்சில்தான் சொன்னாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அந்தச் சிரிப்பைத்தான் பிரீத்தியால் தாங்க முடியவில்லை. அவர் திட்டு வாங்கியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"அப்பா," என்றாள். "உள்ள வந்து குடுங்கப்பா."

செங்கோடன் கண்ணாலேயே கெஞ்சினார், வேண்டாம் என்று. பிரீத்தி சீப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அவர் கையைப் பிடித்து நின்றாள். அகல்யா கண்ணைத் திறந்தாள்.

"என்ன சொன்னீங்க மேடம்?" என்றாள் கந்தம்மாள்.

"எங்கப்பாங்க இவரு."

கந்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. "பாவாயியா? செங்கோடன் மவ பாவாயியா நீ?"

நீங்கள் போய் நீ வந்துவிட்டது. சற்று முன் அவள் கையால் கொடுத்த காப்பி டம்ளர் மேஜைமேல் இருந்தது. கந்தம்மாளின் பார்வை அதன்மேல் போய் நின்றது.

"தெரியாமப் பண்ணிப்போட்டா ஆத்தா, சின்னப்புள்ள," என்று செங்கோடன் கும்பிட்டார். கந்தம்மாள் அவரைக் கையசைத்து விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கெட்டிக்காரி. கத்தினால் ஊர் கூடும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், மணப்பெண்ணின் தலை பாதி அலையாகவும் பாதி விறைப்பாகவும் நிற்கிறது. ஆகவே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனது ஆச்சு. வேலைய முடிச்சுப்போடு. வெளிய மூச்சு உடாத."

பிரீத்தி பெட்டியின் வயரை எதிர்ச்சுவர் பிளக்கில் செருகிச் சூட்டுக்கோலை மாட்டினாள். ஏன் அப்போதே எறிந்துவிட்டுப் போகவில்லை என்று பின்னால் பலர் கேட்டார்கள். பாதித் தலையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வராது, அவ்வளவுதான். மிச்சத்தையும் அதே பொறுமையோடு முடித்தாள். நெற்றியின் சுழி அலையாக எழும்பிக் காதோரம் இறங்கியது. அகல்யா கண்ணாடியில் பிரீத்தியின் கண்ணைச் சந்திக்கும்போதெல்லாம் பார்வையை மாற்றிக்கொண்டாள்.

"செரி, நீ போயி வண்டில உக்காரு," என்றாள் கந்தம்மாள். "சாப்பாடு அங்கயே வரும்."

வண்டியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சந்திரசேகரின் போன் வந்தது. கந்தம்மாள் அதற்குள் அவரிடம் பேசியிருந்தாள்.

"ஏம்மா சொன்ன? யாரு உன்னக் கேட்டா?" என்றார். "போனது போவட்டும். மறுபடி அவங்க பேச்செடுத்தா தமாசுக்குச் சொன்னேன்னு சொல்லிரு. சூரமங்கலம் கடைய நீதான பாக்கப் போற? கொஞ்சம் வளைஞ்சு குடுத்துப் போ."

"எங்கப்பாவ எங்கப்பான்னு சொன்னது தமாசுங்களா சார்?"

"அப்பாவ அப்பறம் பாத்துக்கலாம்மா," என்றார் அவர். பிரீத்தி போனை வைத்துவிட்டாள்.

மேலே மணமகள் அறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கந்தம்மாளுக்கு மனம் ஆறவில்லை. முதலில் காப்பி டம்ளரை எடுத்து ஜன்னல் ஓரம் தனியாக வைத்தாள். அதோடு விடவில்லை. தலைக்குக் குளிப்பாட்டிக் கூட்டிப்போக நேரமில்லை. தீட்டோடு பெண்ணை மணவறையில் உட்கார வைக்கவும் அவளால் முடியாது. ஒரு சொம்பில் மஞ்சளைக் கரைத்தாள். மாவிலையை முக்கினாள்.

"அத்தை, வேண்டாம். தண்ணி படக்கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க," என்றாள் அகல்யா.

"யாரு சொன்னது? அவ சொன்னாளா? ரெண்டு சொட்டுத்தான் அம்முணி. கண்ண மூடிக்க."

அகல்யா கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து நின்றிருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம். படித்த பெண், வேலைக்குப் போன பெண், கண்ணை மூடிக்கொண்டாள். மாவிலையில் தெளித்தது போதாது என்று கந்தம்மாளுக்குத் தோன்றியது. தீட்டு எந்த முடியில் இருக்கிறது, எந்த முடியில் இல்லை என்று யார் கண்டது? சொம்பைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றி நெற்றியிலிருந்து உச்சி வரை நன்றாகத் தடவிவிட்டாள்.

சூட்டில் எழுப்பிய அலை தண்ணீர் பட்டால் நிற்காது. மூன்று விரல் உயரம் எழும்பியிருந்த முன்முடி மெல்லச் சரிந்து நெற்றியில் ஒட்டியது. ஸ்பிரே அடித்த இடமெல்லாம் பிசுபிசுத்துத் திரி திரியாகப் பிரிந்தது. மஞ்சள் நீர் நெற்றியில் வழிந்து, பொட்டைக் கரைத்து, பட்டுச்சேலையின் தோளில் ஒரு கறையை விட்டது. சுழி மட்டும் பழையபடி விறைத்துக்கொண்டு நின்றது. புனிதமாகிவிட்ட மணப்பெண் கண்ணாடியைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

வெளியே போட்டோக்காரர் கதவைத் தட்டினார். "பொண்ணு ரெடிங்களா? மாப்பிள்ளை வந்து உக்காந்தாச்சு."

கந்தம்மாள் முதலில் வெளியே வராந்தாவில் நின்ற நதீமைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான். தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு இந்தத் தல தெரியாதுங்கம்மா. இது அக்கா செஞ்ச தல."

"நீயும் இந்த வேலக்காரன்தானப்பா? நேத்து மாப்பிள்ளைக்குச் செஞ்சியே?"

"அது தாடிங்கம்மா," என்றான் நதீம் பணிவாக. அவனால் முடியாது என்பதில்லை. முடிந்தவரை சரிசெய்திருப்பான். ஆனால் செய்யவில்லை.

அகல்யா தன் போனை எடுத்தாள். "அக்கா, மேல வாங்கக்கா," என்றாள்.

பிரீத்தி வந்தாள். அந்தத் தலையைப் பார்த்ததும் நடந்தது என்ன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சொம்பு மேஜைமேலேயே இருந்தது. மாவிலை தரையில் கிடந்தது. தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அழுகை வந்தது, அதை அங்கே அவர்களுக்குக் காட்டக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"சித்த செரி பண்ணிக் குடு," என்றாள் கந்தம்மாள்.

"பண்றேனுங்க. பண்ணுனா மறுபடி நான் தொட்ட தலையாயிருமே. அதுக்கும் தண்ணி கரைச்சு வெச்சிருக்கீங்களா?"

கீழே மேளம் வேகமாக அடிக்கத் தொடங்கியிருந்தது.

பிரீத்தி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். சீப்பைத் தொடவில்லை. அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அகல்யா. மற்றது மெத்தை வைத்த நாற்காலி, அதில் கந்தம்மாளின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

"எங்கப்பாவக் கூப்புடுங்க. இந்த நாற்காலில அவரு உக்காரட்டும். அவரு உக்காந்தப்பறம் தொடறேன்."

"அவன் எதுக்கு இங்க? இது பொம்பளைங்க எடம்."

"அப்பயும் இது பொம்பளைங்க எடந்தானுங்க. வயர்ப் பொட்டி தூக்கிட்டு வரச் சொன்னீங்களே."

கந்தம்மாள் கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அண்ணன் மகளின் தலையைப் பார்த்தாள். பிறகு நதீமிடம் தலையசைத்தாள்.

செங்கோடன் ஓடி வந்தார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்ததும் கைகள் தாமாகவே கூம்பின. "நானு அவளக் கூட்டிட்டுப் போயர்றனுங்க ஆத்தா. இனி இந்தப் பக்கமே வரமாட்டா."

"யாரும் எங்கயும் போகலப்பா," என்றாள் பிரீத்தி. "உள்ள வாங்க. உக்காருங்க."

"எங்க சாமி?"

"இங்க. நாற்காலில."

அவர் உள்ளே வந்தார். நாற்காலியின் பக்கத்தில் வந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிக்கறனே சாமி. நின்னா என்ன? கால் வலிக்கல எனக்கு."

"எனக்கு வலிக்குதுப்பா."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த வீட்டார் முன்னால் அவர் தரையில்கூட உட்கார்ந்ததில்லை, நாற்காலிக்கு எங்கே போவது? மகள் கேட்கிறாள், முழங்கால் மடங்க மறுக்கிறது. கந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அகல்யா எழுந்தாள். நெற்றியில் மஞ்சள் நீர் வழிய, கல்யாணச் சேலை தரையில் புரள, இரண்டடி நடந்து வந்து அத்தையின் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். "உக்காருங்க..." என்றாள். அதற்குப் பின்னால் ஒரு வார்த்தை சேர்க்க நினைத்தாள். பால்காரரை மாமா என்பாள், டிரைவரை அண்ணா என்பாள். இவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் பிறந்ததிலிருந்து பார்க்கிற மனிதர், அந்த வீட்டில் அவரைக் கூப்பிட ஒரு உறவுமுறை கிடையாது, பெயரைத் தவிர. "உக்காருங்க," என்று மட்டும் திரும்பவும் சொன்னாள்.

செங்கோடன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தோல்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிரீத்தி ஈர முடியைத் துணியால் ஒற்றி எடுத்தாள். காற்றுச் சூட்டில் உலர்த்தினாள். முன்முடியைக் கையில் ஏந்தி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். அவசரம் இருந்தது, ஆனாலும் பார்த்தாள். பார்க்காமல் தொட அவளுக்குத் தெரியாது. செங்கோடன் முதன்முறையாக மகள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பிடி விலகாமல் அவள் முடியைத் திருப்புவதையும் தலை நோகாமல் கொண்டை ஊசியைச் செருகுவதையும் அவருடைய கண்கள் தொடர்ந்து போயின. கொஞ்ச நேரத்தில் அவர் கைகள் பையின் மேல் தளர்ந்தன.

கீழே ஒலிபெருக்கி கரகரத்தது. "எங்கடா அந்தச் செங்கோடன்? வாழ்த்துப் பாடோணும். எங்கிருந்தாலும் மணவறைக்கு வரச் சொல்லுங்க."

அவர் பதறி எழப்போனார். பிரீத்தி ஊசிகளைப் பல்லில் கடித்திருந்தாள். பேச முடியவில்லை. இடது கையை அவர் தோளில் வைத்து மெதுவாக அழுத்தினாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

மாடிப்படியில் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். "அத்தை, பொண்ணு ரெடியா? அந்தச் செங்கோடன் இங்க எங்கயாச்சும் வந்தானா? அவன் வந்து பாடாம தாலி எப்படிக் கட்டறது?"

கந்தம்மாள் கதவருகே போனாள். பாதி எழும்பியிருந்த அலையையும், மகளின் கைக்கடியில் உட்கார்ந்திருந்தவரையும், பல்லுக்கிடையே இன்னும் மிச்சமிருந்த ஊசிகளையும் திரும்பிப் பார்த்தாள். பிரீத்தியின் கை நின்றிருந்தது. அவள் கண்ணாடி வழியாகக் கந்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் உக்காந்திருக்காரு," என்றாள் கந்தம்மாள் கதவைத் திறக்காமலே. "முடிஞ்சதும் வருவாரு. சித்த பொறுங்க."

வெளியே தட்டல் நின்றது. "வருவாருன்னா... யாருங்கத்தை?" என்று கேட்டது குரல், ஒன்றும் புரியாமல்.

கந்தம்மாள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மாப்பிள்ளை காத்திருந்தான், இரண்டு பக்கத்து உறவும் காத்திருந்தது, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பிரீத்தி அடுத்த ஊசியை எடுத்தாள்.